வினைச்சொல் பார்ப்பவள்

யூட்டாவில் பிப்ரவரி.
புகை எழும்ப வழியில்லாமல்
மூடி போட்ட சட்டியாய்க் கிடக்கிறது பள்ளத்தாக்கு.
எதிரே மலை இருக்கிறது என்பது
இந்த வாரம் வெறும் நம்பிக்கை.

மூன்றாம் மாடியில் என் வேலை
வினைச்சொற்களைப் பிடிப்பது.
கம்பெனி எண்ணெய் விற்கிறது,
விரல் நீளக் குப்பி முப்பத்தெட்டு டாலர்.
விற்பவர்கள் இரண்டு லட்சம் பேர்.
ஒருவரும் எங்கள் ஊழியர் இல்லை,
சம்பளம் கேட்டால்.
அவர்கள் போடும் பதிவுகள் எங்களுடையவை,
அரசாங்கம் கேட்டால்.
ஒருமுறை கேட்டது.
அதற்குப் பிறகு வாங்கிப் போட்டதுதான்
நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி.

குணமாக்கும் என்றால் சிவப்பு.
தீர்க்கும், விரட்டும், கரைக்கும்: சிவப்பு.
துணை நிற்கும், பச்சை.
இதமாக இருக்கும், பச்சை.
நோயின் பெயரைச் சொல்லக் கூடாது,
நோய் போன பிறகு வரும் சிரிப்பைக் காட்டலாம்.

டெல்ஷா ஹன்சேகரை நேரில் பார்த்ததில்லை.
அவள் சமையலறைத் திரைச்சீலையில்
எத்தனை எலுமிச்சை என்று தெரியும்.
நாய்க்குக் காதுப் புண் ஆறிய தேதி தெரியும்.
ஆறு முறை எழுதியிருக்கிறேன்:
அன்புள்ள பங்குதாரரே,
நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள்
கீழ்க்கண்ட பதிவை நீக்கவும்.
ஆறு முறையும் நீக்கினாள்,
மூன்று இதயம் போட்டு நன்றி சொன்னாள்.

பிறகு தேறிவிட்டாள்.
சர்க்கரை நோய் என்று எழுதாமல்
ஒரு டோனட் படம்.
புற்று என்று எழுதாமல்
கடக ராசி நண்டு.
நான் படங்களுக்கும் பட்டியல் போட்டேன்.
அவள் படத்தையும் விட்டாள்.
அடித்து அடித்து நான்தான்
அவளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தேன் போலிருக்கிறது.

இன்றைய பதிவில் வினைச்சொல்லே இல்லை.
குப்பி. ஜன்னல் வெளிச்சம்.
"இப்போதெல்லாம் என் அப்பாவின் காலை நேரம்."
அவ்வளவுதான்.
எதைப் பிடிப்பது? பச்சை.

அதன் கீழே, ஐடஹோவிலிருந்து,
உருளைக்கிழங்கு ஷெட்டில் தரம் பிரிக்கும்
வெர்லா ஸ்டாடர்ட் கேட்டிருந்தாள்:
ராய்ஸுக்குக் கால் புண் இன்னும் ஆறவில்லை
இதை ஆரம்பித்தால்
இன்சுலினை எத்தனை நாளில் நிறுத்தலாம்

கேள்விக்குறிகூடப் போடவில்லை.

டெல்ஷா பதிலுக்குக்
கூப்பிய கைகள் மட்டும் போட்டாள்.
கூப்பிய கைகள் என் பட்டியலில் இல்லை.

கையேட்டைப் புரட்டினேன்.
விற்பவர் சொன்னால் இன்ன விதி,
விற்பவரின் கணவர் சொன்னால் இன்ன விதி.
வாங்குகிறவர் கேட்டால்
ஒன்றும் இல்லை.
கேள்வி எங்கள் சரக்கு அல்ல.

நாலு நாற்பதுக்கு என் பெயரிலேயே எழுதினேன்:
நிறுத்தாதீர்கள்.
இன்சுலினை ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.
காலை இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.
என் திரையில், என் வரிசையில்,
என் பெயர் சிவப்பில் வந்து நின்றது.
மருந்தின் பெயர் ஒன்று. உடல் உறுப்பு ஒன்று.
அனுமதி பெறாத மருத்துவ அறிவுரை.
மென்பொருளைக் குறை சொல்ல முடியாது,
மூன்று வருடம் அதற்குப் பாடம் எடுத்தது நான்.
கடிதமும் என் கடிதமே,
இரண்டாம் பத்தியில் நான் திருத்த மறந்த
எழுத்துப் பிழையோடு.
அன்புள்ள பங்குதாரரே.

நீக்க மாட்டேன் என்று நான் சொல்லவில்லை.
கெடு வியாழன் மாலை நாலே முக்காலுக்கு.
இத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறேன்,
நாற்பத்தெட்டு மணி நேரம்
இவ்வளவு நீளம் என்று தெரியாது.

ஷெட்டில் இரண்டாம் ஷிப்ட்
பத்தரைக்கு முடியுமாம்.
கையுறையைக் கழற்றி,
மண் போகக் கழுவி,
காரில் ஹீட்டர் சூடேறும்வரை
போனைப் பார்ப்பாளாக இருக்கும்.

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைகின்றன.
என் மேசையில் மட்டும்
அந்தச் சிவப்பு.